கணிதப் போட்டியும் வாழ்நாட் கல்வியும்

பரீட்சை என்னும் சொல் எந்நாட்டு மாணாக்கனுக்கும் இரண்டு உணர்ச்சிகளைத் தருவது. வருமுன் அச்சம், முடிந்தபின் விடுதலை. அவ்விடுதலையோடு புத்தகமும் கட்டிவைக்கப்படுகின்றது. பல்லாண்டுகள் பயின்ற ஒரு பாடம், கடைசி வினாத்தாளின் விடை கையளிக்கப்பட்ட அன்றே பலருடைய வாழ்க்கையை விட்டு விலகிவிடுகின்றது. இவ்விடயத்திலே கணிதத்துக்கு நேரும் கதி ஏனைய பாடங்களுக்கு நேர்வதினும் கொடியது. பள்ளியை விட்ட பின்னரும் கதை படிப்போர் உளர். வரலாறு படிப்போர் உளர். விருப்போடு கணிதத்தைத் தொடுவோர் மிகச் சிலரே. கற்றலைத் தூண்ட வேண்டிய பரீட்சையே கற்றலை முடித்துவைக்கும் கருவியாகிவிடும் இம்முரண்பாட்டைக் கல்வியாளர் நூறாண்டுகளுக்கு மேலாக உணர்ந்து வந்துள்ளனர். அதற்கு அவர்கள் தேடிய மருந்துகளுள் ஒன்று கணிதப் போட்டி. வினாவின் இயல்பு மாறினால் கற்பவனின் பழக்கமும் மாறும் என்பதே அப்போட்டியின் வரலாறு காட்டும் உண்மையாகும்.

கணிதத்தைப் போட்டிக்குரிய பொருளாக்கிய பெருமையும் பழியும் இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தைச் சாரும். அங்கே நடைபெற்ற ‘திரைபொஸ்’ என்னும் கணிதப் பரீட்சையில் முதல் வகுப்பிலே தேறியோர் ‘ராங்லர்’ எனப்பட்டனர். பதினெட்டாம் நூற்றாண்டின் நடுப்பகுதி தொடக்கம் அவர்களின் பெயர்கள் தகுதி வரிசைப்படி வெளியிடப்பட்டன. முதலிடம் பெற்றவனுக்குக் கிடைத்த புகழோ பெரிது. 1854ஆம் ஆண்டுப் பரீட்சை 8 நாட்களுக்கு நடைபெற்றது. அதில் 16 வினாத்தாள்களும் 211 வினாக்களும் இருந்தன. அவற்றை வெல்ல அறிவு மட்டும் போதவில்லை. கையின் வேகமும் வேண்டியிருந்தது. ஆதலின், மாணாக்கரைப் பந்தயக் குதிரைகள் போலப் பழக்கும் தனிப்பயிற்சியாளர் தோன்றினர். 1854இல் முதலிடம் பெற்ற எட்வேர்ட் றௌத் பின்னர் அத்தகைய பயிற்சியாளராகி, இருபதுக்கும் மேற்பட்ட முதலிடக்காரரை உருவாக்கினார். அதே ஆண்டில் அவருக்கு அடுத்ததாக இரண்டாமிடம் பெற்றவர் ஜேம்ஸ் கிளார்க் மாக்ஸ்வெல். மின்காந்தக் கொள்கையை வகுத்து, வானொலி அலைக்கே கணித அடிப்படை தந்தவர் அவர்.

வரிசையில் முந்தியவன் அறிவில் முந்தியவனாக இருக்க வேண்டுமென்பதில்லை என்பதற்கு அவ்வோராண்டே சான்று. ஆயினும் திரைபொஸ் முறையின் பெருங்குறை வரிசை தவறியமையன்று. வரிசை கிடைத்தவுடன் நோக்கம் தீர்ந்துபோயிற்று என்பதே. கணிதத்தை ஒரு படிக்கட்டாகக் கொண்டு ஏறிய பலர், மேலே சென்றதும் படிக்கட்டைத் திரும்பிப் பார்க்கவில்லை. நீதிமன்றமும் திருச்சபையும் அரசாங்க உத்தியோகமும் அவர்களை அழைத்துக்கொண்டன. 1898இல் நான்காமிடம் பெற்ற ஜி. எச். ஹார்டி பிற்காலத்தில் இம்முறையின் கடும் பகைவரானார். தகுதி வரிசையை வெளியிடும் வழக்கம் 1909ஆம் ஆண்டோடு முடிவுற்றது. ஹார்டி அதனோடு அமையவில்லை. 1926இல் ஆற்றிய தலைமையுரை ஒன்றிலே திரைபொஸ் முறையையே கண்டித்துப் பேசினார்.

கேம்பிரிட்ஜில் இவ்வாறிருக்க, ஐரோப்பாவின் மற்றோர் மூலையிலே வேறு வகையான முயற்சி தொடங்கியது. அங்கேரி நாட்டின் கையோர் நகரில் டானியல் அரானி என்னும் பள்ளி ஆசிரியர் 1894இல் மாணாக்கருக்கென ஒரு கணித மாதவெளியீட்டைத் தொடங்கினார். இதழ்தோறும் வினாக்கள் வெளிவரும்; மாணாக்கர் தத்தம் ஊர்களிலிருந்து விடைகளை அஞ்சலில் அனுப்புவர்; சிறந்த விடைகள் அனுப்பியவர் பெயரோடு அச்சேறும். மணிக்கூட்டின் அதட்டல் அங்கே இல்லை. ஒரு வினாவை ஒரு மாணாக்கன் நாட்கணக்கில் சுமந்து திரியலாம். நடக்கையிலும் உண்கையிலும் எண்ணிப் பார்க்கலாம். பின்னர் லாஸ்லோ ராட்ஸ் என்னும் புகழ்பெற்ற ஆசிரியர் அவ்விதழின் பதிப்பாசிரியப் பொறுப்பை ஏற்று, 1914 வரை அதனை நடத்தினார்.

அதே 1894இல் அங்கேரியின் கணித பௌதிகச் சங்கம், தன் தலைவரான லோராண்ட் ஏட்வேஷ் கல்வி மந்திரியானமையைச் சிறப்பிக்கும் பொருட்டு ஒரு போட்டியை நிறுவியது. பள்ளிப் படிப்பை அப்போதுதான் முடித்த மாணாக்கர் அதிற் கலந்துகொண்டனர். வினாக்கள் மூன்று, நேரம் நான்கு மணி. புத்தகங்களையும் குறிப்பேடுகளையும் உடன் கொண்டுவர அனுமதி இருந்தது. இவ்வனுமதி சிறியதோர் ஏற்பாடு போலத் தோன்றும். உண்மையில் அது கல்வியைப் பற்றிய ஒரு முழுக் கொள்கை. ‘உன் நினைவில் எவ்வளவு தங்கியிருக்கிறது?’ என்று கேட்பது ஒரு வகைப் பரீட்சை. ‘உலகில் உள்ளவற்றையெல்லாம் உன் முன் வைத்தாலும், அவற்றைக்கொண்டு நீ என் செய்வாய்?’ என்று கேட்பது மற்றொரு வகை. ஏட்வேஷ் போட்டி இரண்டாம் வகையைச் சார்ந்தது.

அப்போட்டியிற் பரிசு பெற்றோரின் பெயர்கள் இருபதாம் நூற்றாண்டு அறிவியலின் பெயர்ப்பட்டியல் போலவே தோன்றும். 1897இல் இரண்டாம் பரிசு பெற்ற லிப்போட் ஃபெயெர், 1898இல் வென்ற தியோடர் வொன் கார்மான், 1912இல் வென்ற காபோர் செகோ, 1925இல் வென்றோருள் ஒருவரான எட்வேர்ட் டெல்லர் ஆகியோர் அவர்களுட் சிலர். ஒரு சிறு நாடு இத்தனை அறிஞரை எவ்வாறு ஈன்றது என்னும் வினாவுக்குப் போட்டி மட்டுமே விடையாகாது. நல்லாசிரியரும் நல்ல பள்ளிகளும் அங்கே இருந்தனர். எனினும் மாதந்தோறும் வீடு தேடிவந்த வினாக்கள், பள்ளிக்கு வெளியேயும் கணிதம் உண்டு என்பதை அம்மாணாக்கருக்கு உணர்த்தின என்பதில் ஐயமில்லை.

இவ்விதழின் வழி வந்த பழக்கம் ஒருவருடைய வாழ்நாள் முழுவதும் எவ்வாறு நீடிக்கும் என்பதற்கு எஸ்தர் கிளைன், ஜோர்ஜ் செக்கெரெஸ் ஆகிய இருவரின் வரலாறு தக்க எடுத்துக்காட்டு. 1930களின் தொடக்கத்திலே புடாபெஸ்ட் நகரில் இளைஞர் சிலர் பூங்காவிற் கூடிக் கணிதம் பேசுவது வழக்கம். போல் ஏர்டோஷ் அக்குழுவைச் சேர்ந்தவர். செக்கெரெஸ் இரசாயனப் பொறியியல் பயின்றவர். தொழிலால் கணிதர் அல்லர். ஒருநாள் கிளைன் ஒரு வினாவை முன்வைத்தார். ஒரு தளத்திலே ஐந்து புள்ளிகளை, எம்மூன்றும் ஒரே நேர்கோட்டில் அமையாதவாறு எப்படியிட்டாலும், அவற்றுள் நான்கு ஒரு குவிந்த நாற்பக்கலின் உச்சிகளாக அமையும் என்று அவர் காட்டினார். அவ்வாறாயின் ஐந்து பக்கங்களுக்கு எத்தனை புள்ளிகள் வேண்டும்? ஆறு பக்கங்களுக்கு எத்தனை?

ஐந்து பக்கங்களுக்கு ஒன்பது புள்ளிகள் போதுமென்பது விரைவில் அறியப்பட்டது. பொதுவான வினாவைப் பற்றி ஏர்டோஷும் செக்கெரெஸும் எழுதிய கட்டுரை 1935இல் வெளிவந்தது. கிளைனும் செக்கெரெஸும் 1937இல் மணம் புரிந்தனர். அதனால் ஏர்டோஷ் அவ்வினாவுக்கு ‘மகிழ்ச்சியான முடிவுடைய வினா’ எனப் பெயரிட்டார். பின்னர் யூதரை வருத்திய கொடிய காலம் வந்தது. தம்பதியர் சீனாவின் சாங்காய் நகருக்குத் தப்பிச் சென்றனர். 1948இல் அவுஸ்திரேலியாவின் அடிலெயிட் நகருக்கு வந்தனர். தோற்பதனிடுந் தொழிலிலே இரசாயனராக உழைத்த செக்கெரெஸ் அங்கே கணித விரிவுரையாளரானார். ஆறு பக்கங்களுக்குப் பதினேழு புள்ளிகள் போதும் என்பதைக் கணினியின் துணையோடு நிறுவிய கட்டுரை 2006இல் வெளிவந்தது. அதன் ஆசிரியர் இருவருள் ஒருவர் செக்கெரெஸ். அது அச்சேறுமுன், 2005 ஆகஸ்ட் 28ஆம் நாள், அவரும் எஸ்தரும் ஒரே நாளில், ஒரு மணி நேரத்துக்குள் காலமாயினர். இளமையிற் கேட்ட வினாவொன்று எழுபது ஆண்டுகளுக்கு மேல் ஒருவரோடு கூடவே வாழ்ந்தது. வாழ்நாட் கல்வி என்பதற்கு இதனினும் தெளிவான விளக்கம் அரிது.

வினாக்களை அச்சிட்டு விடைக்குக் காத்திருக்கும் இவ்வழக்கம் தமிழகத்துக்கும் புதிதன்று. 1907இல் வி. இராமசுவாமி ஐயர் நிறுவிய இந்தியக் கணிதச் சங்கத்தின் வெளியீட்டிலும் வினாப் பகுதி ஒன்று இருந்தது. கல்லூரிப் பரீட்சைகளில் தவறி, உத்தியோகமின்றி அலைந்த சீனிவாச இராமானுசன் 1911இல் அப்பகுதியிலே தம் வினாக்களை வெளியிட்டார். ஒன்றனுள் ஒன்றாக முடிவின்றி அடுக்கிய வர்க்கமூலங்களின் பெறுமதி யாது என்பது அவற்றுள் ஒன்று. மாதங்கள் சென்றும் விடை வராமையால் அவரே அதனைத் தந்தார்; விடை 3 என்னும் சிற்றெண். பரீட்சை மண்டபம் தள்ளிவிட்டவரை வினாப் பகுதி வரவேற்றது. அவரைக் கேம்பிரிட்ஜுக்கு அழைத்துக்கொண்டவரும், பரீட்சை முறையைக் கண்டித்த அதே ஹார்டியே.

அமெரிக்காவிலே போட்டி வேறு வழியிற் சென்றது. வில்லியம் லோவெல் பட்னம் என்பவர், பந்தாட்டத்திற் போலப் படிப்பிலும் கல்லூரிகள் ஒன்றோடொன்று போட்டியிட வேண்டுமென்று 1921இல் எழுதினார். அவர் பெயரால் அமைந்த கணிதப் போட்டி 1938இல் தொடங்கியது. இயற்பியலறிஞர் றிச்சட் ஃபைன்மன் 1939இல் அதில் வென்றோருள் ஒருவர். பன்னிரண்டு வினாக்கள், ஆறு மணி நேரம், தனியொருவராக எழுத்து, புத்தகம் கூடாது என்பன இன்று அதன் விதிகள். வினாக்கள் அழகானவை; ஆயின் கடினமானவை. மொத்தப் புள்ளிகள் 120. எனினும் எழுதியோரை வரிசைப்படுத்தி நடுவில் நிற்பவரை நோக்கின், பல ஆண்டுகளில் அவர் பெற்ற புள்ளி பூச்சியம் அல்லது ஒன்று. கல்லூரியிலே கணிதத்திற் சிறந்தவரெனப் பெயர் பெற்ற ஒருவர், ஒரு சனிக்கிழமை முழுதும் உழைத்து, பூச்சியம் பெற்றுத் திரும்புவது சிலரை மேலும் கற்கத் தூண்டும். வேறு சிலரையோ, கணிதம் தமக்குரியதன்று என்று எண்ணச் செய்யும்.

இக்குறையை உணர்ந்தவர்களுள் மேரிலாந்து மாநிலத்தின் சோல்ஸ்பரி நகரக் கல்லூரியில் ஆசிரியராயிருந்த பென் ஃபுசாரோ ஒருவர். பெரும்பாலான மாணாக்கர் எதிர்காலத்திலே காணப்போவது அழகிய புதிர்களை அல்ல. ஒழுங்கற்ற உலகத்தையே என்பது அவர் கருத்து. தொழிலகத்திலும் அரசாங்கத்திலும் எவரும் தனித்து அமர்ந்து, நூல்களை மூடிவைத்து, மூன்று மணி நேரத்தில் விடை காண்பதில்லை. கூட்டாகவே உழைக்கின்றனர், நூல்களைப் புரட்டுகின்றனர், கண்டதைப் பிறர் விளங்குமாறு எழுதுகின்றனர். அவ்வாறாயின் போட்டியும் ஏன் அவ்வாறு அமையலாகாது? பட்னம் போட்டிக்கு மாற்றாக அவர் வகுத்த திட்டம் அமெரிக்கக் கல்வித் திணைக்களத்தின் நிதியுதவி பெற்றது. கணிதத்தின் பயன்பாடுகளை வளர்க்க அமைந்த ‘கோமாப்’ என்னும் நிறுவனம் அதனை ஏற்று நடத்தியது. முதலாவது மாதிரியுருப் போட்டி 1985 பெப்ரவரியில் நடைபெற்றது.

மாதிரியுரு என்றால் யாது? உலகத்தில் நிகழும் ஒரு செய்தியிலே இன்றியமையாதவற்றை எடுத்து, அல்லாதவற்றை விடுத்து, எஞ்சியவற்றின் தொடர்பைச் சமன்பாடாகவோ வரைபாகவோ கணினிக் கட்டளைகளாகவோ அமைத்தலே கணித மாதிரியுருவாகும். ஊரின் வரைபடம் ஊர் ஆகாது. ஆயினும் வழி காண அது உதவும். மாதிரியுருவும் அத்தகையதே. எதனை விடுப்பது, எதனைக் கொள்வது என்னும் தெரிவிலேயே அமைப்பவனின் திறமை தங்கியுள்ளது.

போட்டியின் விதிகள் எளியன. மூவர் ஓர் அணி. தரப்படும் வினாக்களுள் ஒன்றை அவர்கள் தெரிந்துகொள்வர். காலம் ஒரு வார இறுதி. பின்னர் அது நான்கு நாட்களாக நீட்டப்பட்டது. நூல், சஞ்சிகை, தரவு, கணினி ஆகிய உயிரற்ற மூலங்கள் யாவற்றையும் பயன்படுத்தலாம். பயன்படுத்தியதை வெளிப்படையாகக் குறிப்பிடவும் வேண்டும். அணிக்குப் புறம்பான எம்மனிதரிடமும் உதவி பெறலாகாது; தம் ஆசிரியரிடமும் கேட்கலாகாது. முடிவிலே கையளிக்க வேண்டியது ஓர் எண்ணன்று, முழுக் கட்டுரை. அதன் முகப்பில் ஒரு பக்கச் சுருக்கமும் இருக்க வேண்டும். நடுவருக்கு அணியின் இலக்கம் மட்டுமே தெரியும். கல்லூரியின் பெயர் தெரியாது.

முதலாண்டு வினாக்களுள் ஒன்று கோபாற்று உலோகத்தைப் பற்றியது. பல தொழில்களுக்கு இன்றியமையாத அவ்வுலோகம் பெரும்பாலும் மத்திய ஆபிரிக்காவிலிருந்து வருவது. அங்கே குழப்பம் நேரின் வழங்கல் தடைப்படும். ஆகவே எவ்வளவு கோபாற்றைச் சேமித்து வைத்தல் வேண்டும் என்பது வினா. இதற்குப் புத்தகத்தின் பின்பக்கத்தில் விடை கிடையாது. உலோகத்தின் பயனை அறிய வேண்டும். விலையை அறிய வேண்டும். போர் நேரக்கூடிய வாய்ப்பை மதிக்கும் முறையை அறிய வேண்டும். வெள்ளிக்கிழமை கோபாற்றைப் பற்றி ஒன்றும் அறியாத மூவர், திங்கட்கிழமை அதைப் பற்றி ஓர் அறிக்கை எழுதவேண்டியவராயினர்.

1991ஆம் ஆண்டு வினா ஒன்று இன்னும் எளிய தோற்றமுடையது. ஓர் ஊருக்கு நீர் வழங்கும் தாங்கி உருளை வடிவானது. அதன் உயரம் 40 அடி, விட்டம் 57 அடி. ஊரார் மணிக்கு எவ்வளவு நீரைப் பயன்படுத்துகின்றனர் என்பதை அறிய வேண்டும். ஆனால் வெளிச்செல்லும் நீரை அளக்கும் கருவி இல்லை. நீர்மட்டம் மட்டுமே ஏறக்குறைய ஒவ்வொரு மணிக்கும் குறிக்கப்படுகின்றது. மட்டம் ஓரடி இறங்கினால் சுமார் 72,000 இலீற்றர் நீர் சென்றுவிட்டதென்பதைப் பள்ளிச் சிறுவனும் கணிப்பான். இடர்ப்பாடு யாதெனில், மட்டம் மிகத் தாழும்போது நீரிறைக்கும் பொறி தானே இயங்கித் தாங்கியை நிரப்பும். நாளொன்றுக்கு ஓரிரு முறை, ஏறக்குறைய இரண்டு மணி நேரம் நிகழும் அந்நிரப்பலின்போது உட்செல்லும் நீரும் அளக்கப்படுவதில்லை. வெளிச்செல்லும் நீரும் அளக்கப்படுவதில்லை. அவ்விரண்டு மணி நேரத்தில் ஊர் குடித்த நீர் எவ்வளவு?

இங்கேதான் மாதிரியுரு தொடங்குகின்றது. மாந்தரின் நீர்ப்பயன்பாடு திடீரென ஏறி இறங்குவதில்லை. மெல்ல மெல்ல மாறுவது என்று கொள்ளலாம். அவ்வாறு கொண்டால், நிரப்பலுக்கு முன்னும் பின்னும் உள்ள அளவுகளைத் தழுவிய ஒரு வளைகோடு இடையிலுள்ள வெறுமையை நிரப்பும். ஆனால் அக்கொள்கை சரியானதென்று எவ்வாறு அறிவது? பொறி இரு முறை இயங்கியிருப்பின், அதன் இறைப்பு வேகத்தை இரு முறையும் தனித்தனியே கணிக்கலாம். பொறி ஒன்றே ஆதலால், இரு விடைகளும் நெருங்கி நிற்க வேண்டும். நிற்காவிடின் மாதிரியுருவிற் பிழை உண்டு. விடையை ஆசிரியர் திருத்தித் தருவதற்குக் காத்திராமல், தானே தன் விடையைச் சோதித்துக்கொள்ளும் வழியை மாணாக்கன் இங்கே கற்கின்றான். பள்ளியை விட்டபின் ஆசிரியர் உடன் வருவதில்லை. இச்சோதனைப் பழக்கம் உடன் வரும்.

போட்டி தன்னையே வினாவாக்கிக்கொண்ட ஆண்டும் உண்டு. நூறு கட்டுரைகளையும் எட்டு நடுவரையும் எடுத்துக்காட்டாகக் கூறி, ஒவ்வொருவரும் எல்லாவற்றையும் படிக்காமலே சிறந்தவற்றைத் தெரிந்தெடுக்கும் வழியை வகுக்குமாறு 1996இல் கேட்கப்பட்டது. யாவரும் யாவற்றையும் படிப்பதாயின் 800 முறை படிக்க வேண்டும். அதற்குக் காலமும் பணமும் இல்லை. நடுவரின் கண்டிப்பும் தாராளமும் வேறுபடுமே, அதற்கென் செய்வது? தம்மை மதிப்பிடுவோரின் இடர்ப்பாட்டைத் தாமே தீர்க்க முயன்ற அம்மாணாக்கர், பரிசு என்பது இறைவாக்கு அன்று, மனிதர் வகுத்த ஓர் ஏற்பாடு என்பதையும் அறிந்திருப்பர்.

பிந்திய ஆண்டுகளின் வினாக்கள் மக்களின் இன்னல்களை இன்னும் நெருங்கி வந்தன. 1999இல் சூறாவளிக்கு அஞ்சித் தென் கரோலினாவின் கடற்கரை மக்கள் ஒரே வேளையில் வெளியேறியபோது, வழக்கமாக இரண்டு மணி நேரத்திற் செல்லும் பாதையிலே சிலர் 18 மணி நேரம் வரை அகப்பட்டுத் தவித்தனர். அந்நெரிசலைத் தீர்க்கும் வழி 2001இல் வினாவாயிற்று. மேற்கு ஆபிரிக்காவை எபோலா நோய் வருத்திய காலத்தில், 2015இல், அந்நோயை ஒழிக்க மருந்தை எங்கே, எவ்வளவு, எவ்வேகத்தில் அனுப்புவது என்று கேட்கப்பட்டது. கடலிலே காணாமற் போன விமானத்தைத் தேடும் முறையும் அவ்வாண்டின் வினாக்களுள் ஒன்று. மலேசிய விமானமொன்று 239 பேரோடு மறைந்து அப்போது ஓராண்டுகூட முடியவில்லை.

இத்தகைய போட்டி வாழ்நாட் கல்விக்கு எவ்வாறு வித்திடுகின்றது? முதலாவதாக, தெரியாதென்பது வெட்கத்துக்குரியது அன்று என்பதை அது பழக்குகின்றது. சாதாரணப் பரீட்சையில் அறியாமை தண்டனைக்குரியது. இங்கேயோ யாவரும் அறியாமையிலிருந்தே புறப்படுகின்றனர். வினாவைத் திறந்தவுடன் மாணாக்கன் கேட்பது ‘எனக்கு இது தெரியுமா?’ என்பதன்று, ‘இதனை நான் எங்கே கற்கலாம்?’ என்பதே. இரண்டாவதாக, கற்றற்கும் பயன்படுத்தற்கும் உள்ள இடைவெளி மறைகின்றது. வெள்ளிக்கிழமை இரவு படித்த முறையைச் சனிக்கிழமை காலையிலே கையாள வேண்டியிருக்கின்றது. தேவையின் பொருட்டுக் கற்றது எளிதில் மறப்பதில்லை.

மூன்றாவதாக, ஒருவன் பிறரிடமிருந்து கற்கவும் பிறருக்குக் கற்பிக்கவும் வேண்டியவனாகின்றான். சமன்பாட்டில் வல்லவன், கணினியில் வல்லவன், எழுத்தில் வல்லவன் என மூவர் கூடினால், மூவரும் மற்றவர் துறையிற் சிறிதேனும் நுழையாமல் கட்டுரை உருவாகாது. நான்காவதாக, விடையின் குறையைத் தானே எடுத்துரைக்கும் நேர்மை வளர்கின்றது. தம் மாதிரியுரு எங்கே தவறக்கூடும் என்பதைக் கட்டுரையில் எழுதுவதும் எதிர்பார்க்கப்படுவது. குறையைச் சொன்னவனே அதனைத் திருத்தும் வழியையும் தேடுவான். ‘இன்னும் காலம் இருந்திருப்பின் இதனையும் செய்திருப்போம்’ என்று முடியும் கட்டுரை, போட்டி முடிந்த பின்னரும் முடியாத கல்விக்கு ஒரு வாயிலாகின்றது. யுனெஸ்கோ நியமித்து, எட்கார் ஃபோர் தலைமையில் ஆராய்ந்த ஆணைக்குழு 1972இல் வெளியிட்ட அறிக்கை, கல்வி இளமையோடு முடிவதன்று, வாழ்நாள் முழுதும் தொடர்வது என்று வற்புறுத்தியது. அக்கொள்கையை நான்கு நாட்களுக்குள் அடக்கிய சிறு பயிற்சி என்று இப்போட்டியைக் கூறலாம்.

இம்முயற்சி அமெரிக்காவோடு நின்றுவிடவில்லை. 1989இல் சீன அணிகள் அதிற் பங்குபற்றத் தொடங்கின. 1992இல் சீனா தனக்கென ஒரு நாடளாவிய மாதிரியுருப் போட்டியை ஏற்படுத்தியது. இன்று அதில் ஆண்டுதோறும் பல்லாயிரம் அணிகள் கலந்துகொள்கின்றன. உயர்பள்ளி மாணாக்கருக்கான போட்டி 1998இல் தொடங்கியது. சூழலியல் முதலிய பல துறைகள் கலந்த வினாக்களுக்குரிய போட்டி 1999இல் தோன்றியது.

வளர்ச்சியோடு இடையூறும் வளர்ந்தது. பரிசுக்கு மதிப்பு ஏற ஏற, அதனை அடையும் குறுக்கு வழிகளும் தேடப்படும் என்பது திரைபொஸ் காலத்திலேயே கண்ட உண்மை. றௌத் போன்ற பயிற்சியாளருக்கு இன்றும் குறைவில்லை. முன்னைய ஆண்டுகளிற் பரிசு பெற்ற கட்டுரைகளை வார்ப்பாகக் கொண்டு, வினா எதுவாயினும் அதே முறைகளை அதே ஒழுங்கிற் கொட்டி நிரப்பினால், எழுதப்படுவது கட்டுரை போலத் தோன்றும். ஆனால் அங்கே எவரும் எதனையும் கற்றிருக்கமாட்டார். உயிருள்ள வினாவையும் மனப்பாடத்துக்குரியதாக்கிவிடும் ஆற்றல் மனிதனுக்கு உண்டு. ஆதலாலேயே ஆண்டுதோறும் புதிய துறையிலிருந்து புதிய வினாக்களைத் தேடிக் கொணரும் உழைப்பு நடத்துவோர்மேற் சுமந்துள்ளது.

இன்னும் புதியதோர் இடர்ப்பாடு அண்மையில் எழுந்துள்ளது. உயிரற்ற மூலங்களைப் பயன்படுத்தலாம், மனிதரைக் கேட்கலாகாது என்று 1985இல் வகுத்த விதி, நூலையும் ஆசானையும் வேறுபடுத்தப் போதுமானதாயிருந்தது. நூல் பேசாது, ஆசான் பேசுவான். இன்றோ உயிரற்றதாயிருந்தும் ஆசானைப் போல உரையாடும் செயற்கை நுண்ணறிவுப் பொறிகள் தோன்றிவிட்டன. 2023ஆம் ஆண்டு தொடக்கம் நடத்துவோர் இதற்கெனக் கொள்கை ஒன்றை அறிவித்தனர். அப்பொறிகள் தடுக்கப்படவில்லை, ஆனால் அவற்றை எவ்வாறு பயன்படுத்தினர் என்பதைத் தனி அறிக்கையாக இணைக்க வேண்டும். புத்தகத்தைத் திறந்துவைக்கத் துணிந்த ஏட்வேஷ் போட்டியின் அதே மனப்பான்மை இங்கும் காணப்படுகின்றது. கருவியை மறைப்பதால் கல்வி பாதுகாக்கப்படுவதில்லை. கருவி தந்ததைத் தன் அறிவால் உரைத்துப் பார்ப்பவனிடத்திலேயே அது பாதுகாக்கப்படுகின்றது. நீர்த்தாங்கியின் இறைப்பு வேகத்தை இரு வழியாற் சோதித்த மாணாக்கனுக்கு, பொறி தரும் விடையையும் இரு வழியாற் சோதிக்கத் தெரியும்.

நூற்றுமுப்பது ஆண்டுகளுக்கு மேற்பட்ட இவ்வரலாற்றிலே வென்றவர் சிலர், பங்குபற்றியவர் இலட்சக்கணக்கினர். வென்றவரின் பெயர்களை ஏடுகள் காக்கின்றன. ஆனால் போட்டியின் பெறுமதி அப்பெயர்களோடு அடங்குவதன்று. பரிசு பெறாத ஒருவன், பிற்காலத்திலே ஒரு தொழிற்சாலையிலோ வைத்தியசாலையிலோ கிராமசபையிலோ முன்னறியாத இடர்ப்பாடொன்றை எதிர்கொள்ளும்போது, ‘இது நான் படித்ததில்லை’ என்று கைவிரிக்காமல், ‘இதனைப் படித்துப் பார்ப்போம்’ என்று நூலை எடுப்பானாயின், அப்போட்டி தன் பணியைச் செய்து முடித்ததாகும். பரீட்சை மண்டபத்தின் மணி ஒரு நாள் அடித்து ஓயும். நல்ல வினாவோ ஓய்வதில்லை. மாணாக்கனுக்கு ஓர் ஆசிரியர் தரக்கூடிய பெருஞ்செல்வம், அவன் மூப்பெய்தும் வரை அவனை விட்டுப் பிரியாத வினா ஒன்றேயாகும்.